ஒரு பெண்ணின் சொல்லுக்கு எத்தனை சாட்சி?

கனடாவில் பல தலைமுறைப் பள்ளிப் பிள்ளைகள் கேட்டு வளர்ந்த கதை ஒன்றில் ஒரு பசுமாடு வருகிறது. 1813 ஜூன் மாதம். நயாகரா ஆற்றங்கரை ஊர்களை அமெரிக்கப் படை பிடித்து வைத்திருக்கிறது. லாரா சீகோர்ட் என்ற பெண், மேற்கே தங்கியிருக்கும் பிரிட்டிஷ் படைக்கு ஓர் எச்சரிக்கையைக் கொண்டுபோக வேண்டும். வழியில் நிற்கும் காவலர்களுக்குச் சந்தேகம் வராமலிருக்க ஒரு பசுவை ஓட்டிக்கொண்டு, பால் கறக்கப் போகிறவர் போல அவர்களைக் கடந்து போகிறார். இப்படிப் போகிறது கதை.

அந்த மாடு இருந்ததற்குச் சான்றே இல்லை. லாரா 93 வயது வரை வாழ்ந்தவர். தன் நடையைப் பற்றி அவரே தந்த விவரங்கள் இன்றும் இருக்கின்றன. அவற்றில் எதிலும் மாடு கிடையாது. 1864-இல் வில்லியம் காஃபின் என்பவர் அந்தப் போரைப் பற்றி எழுதிய நூலில்தான் மாட்டைச் சேர்த்தார். நிகழ்ச்சி நடந்து அப்போது 51 ஆண்டுகள் ஆகியிருந்தன.

பகுத்தறிவு பேசுகிற நமக்கு இந்த இடம் மிக வசதியானது. மாடு பொய், ஆகவே நடையும் பொய், இன்னொரு கட்டுக்கதை ஒழிந்தது என்று கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிடலாம். அப்படி எழுந்தவர்களும் உண்டு. எனக்கு அது போதவில்லை. சந்தேகப்படுவது நம் கடமைதான். அதோடு, யாரைச் சந்தேகிக்கிறோம், யாரைச் சந்தேகிக்காமலே விட்டுவிடுகிறோம் என்ற கேள்வியையும் நாம் கேட்டாக வேண்டும். சான்று கேட்பதிலேயே மேல் கீழ் பார்க்கிற சமூகத்துக்குத் தன்னை அறிவுச் சமூகம் என்று அழைத்துக்கொள்ளும் உரிமை கிடையாது. லாரா சீகோர்டின் வாழ்க்கையை நான் எடுத்துக்கொண்டது இதற்காகத்தான்.

உறுதியாகத் தெரிந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். லாரா இங்கர்சால் 1775 செப்டம்பர் 13-இல் பிறந்தவர். பிறந்த ஊர் கிரேட் பாரிங்டன், அமெரிக்காவின் மாசசூசெட்ஸில். அவருடைய தந்தை தாமஸ் இங்கர்சால், அமெரிக்க விடுதலைப் போரில் பிரிட்டிஷ் மன்னரை எதிர்த்து நின்ற படையில் அதிகாரியாக இருந்தவர். 1795-இல் நிலம் தேடி, அதே பிரிட்டிஷ் மன்னரின் ஆட்சியிலிருந்த மேல் கனடாவுக்குக் குடும்பத்தோடு குடிபெயர்ந்தார். குவீன்ஸ்டனில் ஒரு விடுதி நடத்தினார். அங்கேதான் லாரா, ஜேம்ஸ் சீகோர்ட் என்ற வணிகரை மணந்துகொண்டார். எதிரி என்று பின்னாளில் பெயர் வாங்கிய நாடு அவர் பிறந்த நாடு. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள்.

1812 ஜூனில் அமெரிக்கா பிரிட்டன் மீது போர் அறிவித்தது. அக்டோபர் 13-இல் குவீன்ஸ்டன் மேட்டில் நடந்த சண்டையில் பிரிட்டிஷ் தளபதி ஐசக் ப்ராக் கொல்லப்பட்டார். உள்ளூர்ப் படையில் சார்ஜென்டாக இருந்த ஜேம்ஸ் சீகோர்டுக்குத் தோளிலும் காலிலும் காயம். 1813 மே 27-இல் ஃபோர்ட் ஜார்ஜ் கோட்டையை அமெரிக்கர்கள் பிடித்தார்கள். குவீன்ஸ்டன் அவர்கள் கைக்குள் வந்தது. அடுத்த மாதம், லெப்டினன்ட் ஜேம்ஸ் ஃபிட்ஸ்கிப்பன் என்ற ஐரிஷ்காரர் 49-ஆம் காலாட்படைப் பிரிவின் சுமார் 50 பேரோடு, பீவர் டேம்ஸ் என்ற இடத்தருகே டிக்யூ குடும்பத்தின் கல் வீட்டில் தங்கி, அமெரிக்கர்களுக்கு ஓயாத தொல்லை கொடுத்துக்கொண்டிருந்தார். அவரை மடக்கிப் பிடித்துவிட வேண்டும் என்று அமெரிக்கப் படை திட்டம் போட்டது.

இந்தத் திட்டம் சீகோர்ட் வீட்டுக்கு எப்படித் தெரிந்தது? அமெரிக்க அதிகாரிகள் அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே பேசியது லாராவின் காதில் விழுந்தது என்பது குடும்பத்திலும் ஊரிலும் வழங்கிய பேச்சு. கணவர்தான் ஓர் அமெரிக்க அதிகாரியிடமிருந்து அறிந்தார் என்று ஃபிட்ஸ்கிப்பன் எழுதியிருக்கிறார். எதுவாக இருந்தாலும் ஒன்று தெளிவு. ஜேம்ஸின் கால் இன்னும் ஆறவில்லை. அவரால் போக முடியாது. ஐந்து பிள்ளைகளின் தாயான 37 வயது லாரா, ஜூன் 22 விடியலில் வீட்டைவிட்டுக் கிளம்பினார்.

முதலில் செயின்ட் டேவிட்ஸ். அங்கே அவருடைய தம்பி நோயுற்றுப் படுத்திருந்தார். யாராவது நிறுத்திக் கேட்டால் அவரைப் பார்க்கப் போவதாகச் சொல்லலாம். குடும்பத்தார் சொன்னபடி எலிசபெத் என்ற உறவுப் பெண் அங்கிருந்து கூட வந்து, பாதி வழியில் களைத்து நின்றுவிட்டாள். அதன் பிறகு லாரா தனியே நடந்தார். நேர் சாலையில் அமெரிக்கக் காவல் இருந்ததால் சுற்று வழி. காடு, சேறு, ஓடை, பிறகு மேட்டில் ஏற்றம். அன்று கடும் வெப்பம் என்பதையும், லாரா மெல்லிய உடல்வாகு கொண்டவர் என்பதையும், இந்தக் களைப்பில் அவர் உடல்நலம் கெட்டுவிடுமோ என்று தான் அஞ்சியதையும் ஃபிட்ஸ்கிப்பன் பின்னாளில் எழுதிவைத்தார். நடந்த தூரம் 20 மைல், அதாவது 32 கிலோமீட்டர் என்பார்கள். ஃபிட்ஸ்கிப்பனின் ஒரு சான்றிதழ் 12 மைல் என்கிறது. சுற்று வழியை எவரும் அன்று அளந்து வைக்கவில்லை. எட்டு மைல் வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறவர்கள், ஒரு கோடை நாள் முழுவதும் எதிரி ஊருக்குள் நடந்து பார்க்கட்டும்.

பொழுது சாய்ந்து நிலவு வந்த பிறகு அவர் போய்ச் சேர்ந்த இடம், பிரிட்டிஷாரோடு கூட்டுச் சேர்ந்திருந்த பூர்வகுடி வீரர்களின் பாசறை. அவர்கள் எழுந்து கூச்சலிட்டதும் தான் நடுங்கிப்போனதாக லாராவே சொல்லியிருக்கிறார். அவர்கள் மொழி இவருக்குத் தெரியாது. சைகையாலும் சில சொற்களாலும், ஃபிட்ஸ்கிப்பனிடம் அவசரமாக ஒரு செய்தி சொல்ல வேண்டும் என்று ஒரு தலைவருக்குப் புரியவைத்தார். அந்தத் தலைவர் அவரை அழைத்துப் போய் ஃபிட்ஸ்கிப்பன் முன் நிறுத்தினார். அந்தத் தலைவரின் பெயர் எந்தச் சிலையிலும் பொறிக்கப்படவில்லை. தனியாளாகச் செய்தியைக் கொண்டு சேர்த்த வீராங்கனை என்று லாராவைப் பற்றிச் சொல்கிறபோதெல்லாம் இந்தக் கடைசிப் பகுதியை மக்கள் மறந்துவிடுகிறார்கள். வழித்துணை இல்லாமல் அந்த எச்சரிக்கை போய்ச் சேர்ந்திருக்காது.

அடுத்த நாள் அமெரிக்கப் படை வரவில்லை. ஜூன் 24 காலையில்தான் வந்தது. லெப்டினன்ட் கர்னல் சார்ல்ஸ் போர்ஸ்ட்லரின் தலைமையில் 500-க்கும் மேற்பட்டவர்கள். காட்டுப் பாதையில் அவர்களை மறைந்திருந்து தாக்கியவர்கள் யார்? டொமினிக் டுஷார்ம் தலைமையில் கானவாகே முதலிய ஊர்களிலிருந்து வந்த சுமார் 300 பேர், வில்லியம் கெர் தலைமையில் சுமார் 100 மோஹாக் வீரர்கள். அனைவரும் பூர்வகுடி மக்கள். மணிக்கணக்கில் நடந்த சண்டையை அவர்கள்தான் நடத்தினார்கள். ஃபிட்ஸ்கிப்பன் தன் 50 பேரோடு வந்தது கடைசியில். வெள்ளைக் கொடியோடு போய், பெரிய படை பின்னால் வருகிறது என்றும், இந்தப் பழங்குடியினர் வெறி கொண்டால் தன்னால் தடுக்க முடியாது என்றும் போர்ஸ்ட்லரை மிரட்டினார். போர்ஸ்ட்லர் சரணடைந்தார். 450-க்கு மேற்பட்டோர் சிறைப்பட்டனர்.

அந்த மிரட்டலை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். தன்னோடு தோள் சேர்த்து நிற்கிற கூட்டாளிகளை ‘கட்டுக்கடங்காத காட்டுமிராண்டிகள்’ என்று எதிரியிடம் காட்டி, அந்த அச்சத்தையே ஆயுதமாக்கினார் ஓர் அதிகாரி. உயிரைக் கொடுத்துச் சண்டையிட்டது அவர்கள். அவர்களைப் பற்றிய வெள்ளையரின் இழிவான கற்பனை, வெற்றியை இன்னொருவர் பெயரில் எழுதிக் கொடுத்தது. மோஹாக் மக்களோடு வாழ்ந்து அவர்களுக்குத் தலைமை தாங்கிய ஜான் நார்ட்டன் இதைச் சுருக்கமாகக் குறித்து வைத்தார்: சண்டை கானவாகே வீரர்களுடையது, கொள்ளைப் பொருள் மோஹாக்குகளுக்கு, பெயர் ஃபிட்ஸ்கிப்பனுக்கு. ஃபிட்ஸ்கிப்பனே 1818-இல் எழுதிய கடிதத்தில், தம் பக்கத்தில் பூர்வகுடியினரைத் தவிர வேறு எவரும் சுடவே இல்லை என்று ஒப்புக்கொண்டார். அவர் நேர்மையானவர்தான். ஆனால் அந்த ஒப்புதலுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே பதவி உயர்வு வந்துவிட்டது. அவர் கேப்டன் ஆகியிருந்தார்.

1813 ஜூன் 24 அன்று ஃபிட்ஸ்கிப்பன் மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கையில் லாராவின் பெயர் இல்லை. குவீன்ஸ்டன் அமெரிக்கர் கையில் இருந்தபோது அந்தப் பெயரை எழுதினால் குடும்பத்துக்கு ஆபத்து வரும் என்று கருதியிருக்கலாம் என்பார்கள், பொருத்தமான ஊகம்தான். ஆனால் போர் முடிந்த பிறகும் எழுதப்படவில்லை. 1814 டிசம்பரில் அமைதி உடன்படிக்கை கையெழுத்தானது. லாராவும் ஜேம்ஸும் குவீன்ஸ்டனில் வறுமையோடு தங்கினார்கள். காயத்துக்காக ஜேம்ஸுக்குச் சிறிய ஓய்வூதியம் வந்தது. லாராவின் நடைக்கு ஒன்றும் வரவில்லை.

பிறகு தொடங்கியது மனுப் போடும் காலம். இந்தப் பகுதியை அவருடைய நடையைவிட முக்கியமானதாக நான் கருதுகிறேன். நடை ஒரு நாள்தான் நீடித்தது. மனு 40 ஆண்டுகள் நீடித்தது.

1820-இல் ஜேம்ஸ் குவீன்ஸ்டன் இராணுவ நிலத்தில் கல் வெட்டி எடுக்க உரிமம் கேட்டு மனு எழுதினார். மனைவி செய்த உதவியையும் அதில் குறிப்பிட்டார். அதை நம்புவதற்கு ஃபிட்ஸ்கிப்பனின் சான்றிதழ் ஒன்று தேவைப்பட்டது. எழுதிக் கொடுத்தார். 1827-இல் மறுபடி ஒரு சான்றிதழ். லாரா வந்து தகவல் சொன்னதையும், அதன் பேரில் பூர்வகுடி வீரர்களையும் தன் ஆட்களையும் தான் இடம் பார்த்து நிறுத்தியதையும், பிடிபட்ட போர்ஸ்ட்லரே பேச்சுவாக்கில் அந்தத் தகவல் சரி என்று உறுதிப்படுத்தியதையும் அதில் தெளிவாக எழுதினார். 1831-இல் ப்ராக் நினைவுத் தூணைப் பராமரிக்கும் வேலையை லாரா கேட்டார். வேறோர் அதிகாரியின் மனைவிக்கு, கணவரை இழந்தவர் என்பதால், அது போனது. 1837-இல் மூன்றாம் சான்றிதழ். தான் அவருக்குத் தனிப்பட்ட முறையில் கடன்பட்டவன் என்று ஃபிட்ஸ்கிப்பன் அதில் எழுதினார். 1840-இல் குவீன்ஸ்டன் படகுத்துறை உரிமை கேட்டு மனு, மறுப்பு. 1841 பிப்ரவரியில் ஜேம்ஸ் இறந்தார். அந்த ஆண்டு ஓய்வூதியம் கேட்டு மனு, மறுப்பு. லாரா சிப்பவாவில் தன் சிறிய வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துப் பிழைத்தார்.

மூன்று சான்றிதழ்கள், மூன்றும் ஓர் ஆண் அதிகாரி எழுதியவை. ஃபிட்ஸ்கிப்பன் 1813-இல் தன் வெற்றியைப் பற்றி எழுதியபோது எவர் சான்றிதழை இணைத்தார்? எவருடையதையும் இல்லை. அவர் சொல்லே சான்று. பதவி உயர்வு வழங்கியவர்கள் அதைக் கேட்கவும் இல்லை. லாரா வாயைத் திறந்தால் மட்டும் இன்னொரு வாய் அதற்குக் கையொப்பம் போட வேண்டியிருந்தது. போட்ட பிறகும் பணம் வரவில்லை.

பெண்ணின் சாட்சியத்துக்கு ஆணின் சாட்சியத்தில் பாதி மதிப்பு என்று சொல்கிற மதச் சட்டங்களை நாம் கண்டிக்கிறோம். கண்டிக்கத்தான் வேண்டும். பைபிள் கையில் இருந்தாலும் சட்டப்புத்தகம் கையில் இருந்தாலும் அந்த அதிகாரிகள் செய்ததும் அதுவே. அங்கே எழுத்தில் இருந்த கணக்கு, இங்கே எழுதப்படாமல் இயங்கியது, அவ்வளவுதான் வேறுபாடு.

1860-இல் இங்கிலாந்து இளவரசர், பின்னாளைய ஏழாம் எட்வர்ட், கனடா வந்தார். 1812 போரில் பணியாற்றியவர்கள் ஒரு வரவேற்பு மடலில் கையொப்பமிட்டுக் கொடுத்தார்கள். 85 வயது லாராவும் தன் பெயர் அதில் இருக்க வேண்டும் என்று கேட்டார். இது படைவீரர்களுக்கானது என்று தடை சொல்லப்பட்டபோது, அந்தப் போரில் பங்கெடுத்த பாதி ஆட்களைவிடத் தான் நாட்டுக்குச் செய்தது அதிகம் என்று பதில் சொன்னதாக உள்ளூர்ச் செய்தித்தாள் எழுதியது. அவர் கையொப்பம் போட்டார். ஊர் திரும்பிய இளவரசர் 100 பவுன் அனுப்பினார். லாராவுக்குக் கிடைத்த ஒரே பரிசு அதுதான். 1868 அக்டோபர் 17-இல் இறந்தார்.

இறந்த பிறகு தொடங்கியது வேறு காலம். எனக்கு மிகுந்த கோபம் வருவது இங்கேதான்.

உயிரோடிருந்தபோது படகுத்துறை வேலைகூடக் கொடுக்காத ஊர், இறந்த பிறகு அவரைச் சுற்றித் திருவிழா நடத்தியது. 1887-இல் சாரா ஆன் கர்ஸன் அவரைப் பற்றிச் செய்யுள் நாடகம் வெளியிட்டார். கர்ஸன் பெண்கள் வாக்குரிமைக்காகப் போராடியவர், அவர் நோக்கம் உயர்ந்தது. பெண்ணும் நாட்டைக் காத்தாள், அவளுக்கு வாக்கு இல்லையா என்பது அவர் எழுப்பிய கேள்வி. பிறகு கல்லறையில் சிலை, குவீன்ஸ்டன் மேட்டில் நினைவுச்சின்னம், பள்ளிப் பாடநூல்கள். 1913-இல் டொரண்டோவில் தொடங்கிய ஒரு சாக்லேட் நிறுவனம் அவர் பெயரையே தன் பெயராக வைத்துக்கொண்டது. இன்று கனடாவில் பலருக்கு லாரா சீகோர்ட் என்றால் இனிப்புப் பெட்டிதான் நினைவுக்கு வரும்.

இந்தத் திருவிழாக் காலத்தில்தான் மாடு நிலைபெற்றது. அவர் வெறுங்காலோடு நடந்தார் என்பதும் சேர்ந்தது. ஏன் ஒரு மாடு தேவைப்பட்டது? நடந்தது என்னவோ ஒரு பெண் அரசியல் முடிவெடுத்து, உயிராபத்து தெரிந்து, நாள் முழுக்க நடந்தது. அதை அப்படியே ஏற்றால் அவளுக்கு நாட்டு நடப்பில் பங்கு உண்டு என்று ஒப்புக்கொள்ள வேண்டும். பால் கறக்கப் போன இல்லத்தரசி என்றால் எந்தச் சங்கடமும் இல்லை. வீரம் வீட்டு வேலைக்குள் அடங்கிவிட்டது. நம் ஊரில் புலியை விரட்டிய பெண்ணின் கையில் முறத்தைக் கொடுத்த மனம்தான் அங்கே மாட்டைக் கொடுத்தது. சிலை வைப்பதும் பெண்ணுக்குச் செய்கிற மரியாதை என்று நாம் நினைக்கிறோம். கொடுக்க வேண்டிய கூலியைக் கொடுக்காமல் ஏய்ப்பதற்கு மனிதன் கண்டுபிடித்த மிகப் பழைய வழி வழிபாடு. உயிரோடிருந்தால் ஓய்வூதியம் கேட்பாள், படகுத்துறை கேட்பாள், மனுவோடு வாசலில் நிற்பாள். வெண்கலத்துக்கு எதுவும் தேவையில்லை.

இந்த வழிபாட்டை எதிர்த்து எழுந்தார் ஒருவர். டொரண்டோ பல்கலைக்கழக நூலகர் டபிள்யூ. ஸ்டூவர்ட் வாலஸ், 1932-இல் லாராவின் கதையைச் சான்றுகளோடு ஆராய்ந்து ஒரு சிறுநூல் எழுதினார். வரலாற்றுச் சான்று பற்றிய ஆய்வு என்றே அதற்குத் துணைப்பெயர். 1813 அறிக்கையில் லாராவின் பெயர் இல்லை. பிற்காலத்து நினைவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. டுஷார்மின் ஒற்றர்கள் அமெரிக்கப் படை வருவதை முன்பே பார்த்துவிட்டார்கள். ஆகவே பீவர் டேம்ஸ் வெற்றிக்கு லாராவின் செய்தி காரணமல்ல என்றார். அவர் நேர்மையாகக் கேட்ட கேள்விகள் அவை. மாட்டையும் வெறுங்காலையும் அவர் வெட்டி எறிந்ததற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

ஆனால் 1959-இல் ஃபிட்ஸ்கிப்பனின் 1827 சான்றிதழ் கண்டெடுக்கப்பட்டு வெளியானது. போர் நடந்து 14 ஆண்டுகளில், புகழோ சிலையோ சாக்லேட்டோ இல்லாத காலத்தில், செய்தியைப் பெற்றவரே எழுதியது. அவர் வந்தார், சொன்னார், அதன்படி நான் செயல்பட்டேன் என்று. ஒரு பெண் 40 ஆண்டுகளாக ஒரே விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அரசாங்கத்தின் சொந்தக் கோப்பில் அதற்கு ஆதாரம் உறங்கிக்கொண்டிருந்தது. ‘பெயர் அறிக்கையில் இல்லை, ஆகவே நடந்திருக்காது’ என்ற வாதத்தில் ஓர் ஓட்டை இருந்தது. அறிக்கை எழுதும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்று வாதம் கேட்கவே இல்லை. ஆவணங்களை எழுதியவர்கள் யாரை விட்டுவிட்டார்களோ, அவர்கள் நடந்திருக்கவே மாட்டார்கள் என்று சொல்வது பகுத்தறிவு ஆகாது. எழுத்துக்கு அடிபணிவதும் ஒரு வகை வேதநம்பிக்கை.

அப்படியானால் பெண் சொன்னால் எல்லாவற்றையும் நம்ப வேண்டுமா? இல்லை. அமெரிக்காவில் லாராவைப் போன்றே இன்னொரு கதை உண்டு. 1777 ஏப்ரலில் டான்பரி ஊரை பிரிட்டிஷ் படை எரித்த இரவில், சிபில் லடிங்டன் என்ற 16 வயதுப் பெண் மழையில் 40 மைல் குதிரையில் போய்த் தன் தந்தையின் படையாட்களைத் திரட்டினாளாம். இந்தக் கதை முதன்முதலில் அச்சில் வந்தது 1880-இல், 103 ஆண்டுகளுக்குப் பிறகு. அந்தக் காலத்தில் எழுதப்பட்ட ஒரு வரிகூட இதற்குத் துணை நிற்கவில்லை. ஆனாலும் 1961-இல் அவளுக்குக் குதிரைமேல் சிலை, 1975-இல் தபால்தலை. அதே அளவுகோலை வைத்து நான் லாராவின் நடையை ஏற்கிறேன், சிபிலின் சவாரியை ஏற்கவில்லை. ஒன்றுக்குச் செய்தியைப் பெற்றவரின் எழுத்து இருக்கிறது, செய்தவரின் சொல் இருக்கிறது. மற்றதற்கு இரண்டும் இல்லை. இருவரும் பெண்கள் என்பதற்காக இருவரையும் கும்பிடுவதும், இருவரும் பெண்கள் என்பதற்காக இருவரையும் ஒதுக்குவதும் ஒரே சோம்பலிலிருந்து வருபவை.

வாலஸ் எழுப்பியதில் இன்னும் ஒரு கேள்வி மீதி இருக்கிறது. நடந்தார், சொன்னார், சரி. அது போரின் முடிவை மாற்றியதா? மாற்றாமல் இருந்திருக்கலாம். எச்சரிக்கை சொன்ன நாள் கடந்து, ஒற்றர்கள் தாங்களே பார்த்துச் சொன்ன பிறகுதான் சண்டை தொடங்கியது. இதை ஒப்புக்கொள்வதால் லாராவுக்கு என்ன குறைந்துவிடப்போகிறது? ஒரு செயலை அதன் விளைவை வைத்து மட்டும் எடைபோடுகிற பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது? தீயணைக்க ஓடியவர் போய்ச் சேரும்முன் மழை பெய்து தீ அணைந்தால், அவர் ஓடவே இல்லை என்றா சொல்வோம்? ஜூன் 22 காலையில் அவருக்குத் தெரிந்தது இதுதான்: 50 பேர் இருக்கிறார்கள்; 500 பேர் அவர்களைச் சூழப் போகிறார்கள்; சொல்ல வேறு யாரும் இல்லை. அந்த அறிவை வைத்து அவர் என்ன செய்தார் என்பதுதான் அறத்தின் கேள்வி. வெற்றி பெற்றால்தான் வீரம் என்பது சூதாடியின் கணக்கு.

தேசபக்தர்களுக்கும் ஒரு சொல். லாராவைக் கனடாவின் தாய்மண் பற்றுக்கு எடுத்துக்காட்டு என்கிறார்கள். அவர் பிறந்த மண் மாசசூசெட்ஸ். ‘எதிரி’ப் படையில் இருந்தவர்களுக்கும் அவருக்கும் ஒரே மொழி, ஒரே மதம், ஒரே ஊர்ப் பழக்கம். மண்ணுக்கும் இரத்தத்துக்கும் பற்று இயல்பாக ஊறும் என்றால் அவர் அமெரிக்கருக்கு அல்லவா ஓடியிருக்க வேண்டும்? அவர் காத்தது தன் கணவர், பிள்ளைகள், தன் ஊர், தான் தேர்ந்துகொண்ட வாழ்க்கை. அந்தப் போரால் எல்லைக்கோடு ஓர் அடிகூட நகரவில்லை. 1814 உடன்படிக்கை எல்லாவற்றையும் போருக்கு முன்பிருந்த நிலைக்கே திருப்பியது. இரு பக்கமும் மாய்ந்தவர்கள் எதற்காக மாய்ந்தார்கள் என்று கேட்டால் எந்த அரசிடமும் பதில் இல்லை. லாராவின் துணிச்சல் இந்தக் கேள்வியால் சிறுத்துப்போவதில்லை. அதை எடுத்துத் தம் கொடிக்கம்பத்தில் கட்டிக்கொண்டவர்களின் கூற்றுதான் சிறுத்துப்போகிறது.

அந்த உடன்படிக்கையில் பூர்வகுடி மக்களைப் பற்றியும் ஒரு பிரிவு உண்டு. போருக்கு முன் அவர்களுக்கிருந்த நிலங்களும் உரிமைகளும் திருப்பித் தரப்படும் என்றது அது. நிறைவேற்றப்படவில்லை. பீவர் டேம்ஸில் சுட்டவர்களுக்கு, சுட்டபோது இறந்தவர்களுக்கு, அந்தக் காகிதத்தில் கிடைத்த உறுதிமொழி அத்தோடு முடிந்தது. லாராவின் சொல்லுக்கு மூன்று ஆண் சான்றிதழ்கள் தேவைப்பட்டன என்றால், டுஷார்மின் 300 பேரிடம் சான்று கேட்கவே எவரும் வரவில்லை. கேட்டால்தானே மறுக்க முடியும். 2006-இல் ஓட்டாவாவில் நிறுவப்பட்ட வீரர் நினைவகத்தில் 14 உருவங்கள் இருக்கின்றன. லாரா இருக்கிறார். 1812 போருக்கு முன்பே இறந்துவிட்ட மோஹாக் தலைவர் ஜோசப் பிராண்ட் இருக்கிறார். பீவர் டேம்ஸ் காட்டில் சண்டையிட்டவர்களில் எவரும் அங்கே இல்லை.

டொரண்டோவிலும் அதைச் சுற்றியும் வாழும் தமிழர்கள், ஊரிலிருந்து உறவினர் வந்தால் நயாகரா அருவிக்கு அழைத்துப் போகிறார்கள். அருவியிலிருந்து ஆற்றோடு வடக்கே கொஞ்ச நேரம் காரில் போனால் குவீன்ஸ்டன் வரும். லாராவின் வீடு அங்கே அருங்காட்சியகமாக இருக்கிறது. பிள்ளைகளை உள்ளே அழைத்துப் போங்கள். வழிகாட்டி மாட்டைப் பற்றிச் சொன்னால், அதை முதலில் எழுதியது யார், எந்த ஆண்டு என்று பிள்ளைகளைக் கேட்கச் சொல்லுங்கள். லாராவின் வீரத்தைப் புகழ்ந்தால், அவருக்கு அரசு கொடுத்த ஓய்வூதியம் எவ்வளவு என்று கேட்கச் சொல்லுங்கள். கடைசியாக, அன்று காட்டில் துப்பாக்கி பிடித்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று எந்த நிலத்தில் வாழ்கிறார்கள், அந்த நிலத்தில் எவ்வளவு அவர்களிடம் மிஞ்சியிருக்கிறது என்றும் கேட்கச் சொல்லுங்கள்.